கருந்தலைக்கு அந்தப் பக்கம் அடித்த பிங்கோ

லீண்டர் பட்ஜெல் வாயைத் திறந்தால் கரையில் கட்டிய படகெல்லாம் ஆடும் என்று எங்கள் குடாவில் சொல்வார்கள். அது பொய். படகு ஆடாது. நாய் எழுந்து உட்காரும், அவ்வளவுதான். அதை நானே பார்த்திருக்கிறேன். அவர்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான். காலையில் அவன் மெல்வினாவிடம் டீ கேட்டால் அவளுக்கு முன்னால் எனக்குக் கேட்டுவிடும். அவள் அவன் பெண்டாட்டி, பாவம், அசந்து தூங்குகிறவள். நான்தான் சுவரைத் தட்டி, "மெல்வினா, உன் வீட்டுக்காரனுக்கு டீ வேணுமாம்" என்பேன்.

அவன் கோபக்காரன் இல்லை. வளர்ந்தது அப்படி. அவன் அப்பாவின் படகில் பழைய ஒற்றை சிலிண்டர் எஞ்சின் ஒன்று இருந்தது. அது ஓடும்போது பக்கத்தில் இருப்பவனிடம் "மீன்" என்று சொல்லவும் அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். அந்த எஞ்சின் துருப்பிடித்துப் போய் எத்தனையோ காலமாகிவிட்டது. சத்தம் மட்டும் இவன் தொண்டையில் தங்கிவிட்டது.

அதனால்தானோ என்னவோ, கத்தினால் ஆகாத காரியமே உலகத்தில் இல்லை என்று ஒரு நம்பிக்கை அவனுக்கு. கையில் பிடிக்கும் வயர்லெஸ் ஒன்று வாங்கினான். அதிலும் அப்படித்தான் பேசினான். பக்கத்துப் படகுக்கு மெதுவாக. தூரத்துப் படகுக்கு உரக்க. இன்னும் தூரமென்றால் எழுந்து நின்று, தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு.

எங்கள் ஊரின் அமைப்பை ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. வீடுகளெல்லாம் குடாவுக்குள், தண்ணீரை ஒட்டி. வாசலில் கருந்தலை நிற்கிறது, செங்குத்தான கல்மலை. இலையுதிர் காலத்தில் கணவாய் மீன் வருவது அந்த மலைக்கு அந்தப் பக்கம், பொழுது சாயும் நேரத்தில். ஒவ்வொரு வீட்டுச் சமையலறையிலும் ஒரு வயர்லெஸ் இருக்கும், ஆண்கள் கடலுக்குப் போனால் பெண்கள் அதைப் போட்டுவிட்டு ரொட்டிக்கு மாவு பிசைவோம். கருந்தலை தாண்டும்வரை எல்லார் பேச்சும் கேட்கும். தாண்டியதும் கத்தரித்த மாதிரி நின்றுவிடும். இரண்டு பக்கமும் கேட்கிற வீடு ஒன்றே ஒன்றுதான்: சர்ச்சுக்கும் மேலே, குன்றின் உச்சியில் இருக்கும் ட்ருசில்லாவின் வீடு. அவள் ஜன்னலில் நின்றால் குடாவும் தெரியும், வெளிக்கடலும் தெரியும். தெரிகிறதெல்லாம் அவள் வயர்லெஸ்ஸில் கேட்கவும் கேட்கும்.

ட்ருசில்லா, லீண்டரின் அக்கா. இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் பாடும்போது அவள் முன்வரிசையிலிருந்து திரும்பி, "லீண்டர், கடவுள் கருந்தலைக்கு அந்தாண்ட இல்லடா, இங்கதான் இருக்கார்" என்றுவிட்டாள். சபை மொத்தமும் சிரித்தது. போதகர் பைபிளால் முகத்தை மறைத்துக்கொண்டார். அன்றிலிருந்து லீண்டர் அவளிடம் நேராக ஒரு சொல் பேசியதில்லை. தாயாரைப் புதைத்த அன்றுகூட, "போதகரே, அந்தம்மா பெட்டிக்கு எந்தப் பக்கம் நிக்கப்போறாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க" என்றான். நடுவில் போதகரின் தோள் அகலம்தான் இடைவெளி.

இனி பிங்கோ. புதன்கிழமை சாயங்காலம் தீயணைப்பு மண்டபத்திலிருந்து எசாவ் மாமா ஊர் ரேடியோவில் எண்களைக் கூப்பிடுவார். நாங்கள் கடையில் எண் போட்ட கார்டு வாங்கிவைத்துக்கொண்டு, கூப்பிட்ட எண்ணின்மேல் வீட்டிலிருந்தே மை குத்துவோம். எனக்கு எழுத்து வராது, எண் வரும். பிங்கோவுக்கு அது போதும். நிறைந்ததும் மண்டபத்துக்கு டெலிபோன் செய்ய வேண்டும், அவர் அடுத்த எண்ணைக் கூப்பிடுவதற்குள். கூப்பிட்டுவிட்டால் போச்சு. ஜெயித்தவர் ஒரு கணக்குக்கும் பதில் சொல்ல வேண்டும். சும்மா அதிர்ஷ்டத்துக்குப் பரிசு கொடுத்தால் சூதாட்டம், கணக்கும் போட்டால் திறமை என்பார் எசாவ் மாமா. பெரிய சட்டம் படித்தவர் மாதிரி.

பொழுது சாயும் நேரம்தான் கணவாய்க்கும், அதே நேரம்தான் பிங்கோவுக்கும். கார்டை மெல்வினாவிடம் கொடுத்துவிட்டுப் போகலாமே என்பீர்கள். நாங்களும் சொன்னோம். வாங்கிய கைதான் மை குத்த வேண்டும், கை மாறினால் ராசி போய்விடும் என்பது லீண்டரின் கட்சி. ஆகவே சின்ன ரேடியோவையும் கார்டையும் எடுத்துக்கொண்டு படகில் போவான். மண்டபத்து ரேடியோவின் கோபுரம் பின்மலையின் உச்சியில் இருப்பதால் எசாவ் மாமாவின் குரல் கடலிலும் தெளிவாகக் கேட்கும். பிங்கோ விழுந்தால் லீண்டர் வயர்லெஸ்ஸில் சொல்ல வேண்டியது, மெல்வினா டெலிபோன் செய்ய வேண்டியது. இதுதான் ஏற்பாடு.

முதல் தடவை விழுந்தபோது பரிசு ஒரு மரம் அறுக்கும் மெஷின். லீண்டர் எழுந்து நின்று கத்தினான். மெல்வினா வயர்லெஸ்ஸுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து காலுறை பின்னிக்கொண்டிருந்தாள். அவளுக்கு உஸ்ஸென்ற இரைச்சல்தான் கேட்டது. பதில் வராததால் இவன் ஆபத்துக்குக் கூப்பிடும் சானலுக்கு மாற்றி அங்கேயும் கத்தினான். அங்கே உடனே ஒரு குரல் வந்தது. கடலோரக் காவல்காரர்.

"உங்களுக்கு என்ன ஆபத்து, சொல்லுங்க."

"பிங்கோ!"

"பிங்கோங்கறது உங்க படகோட பேரா?"

"படகு நல்லாத்தான் இருக்கு! நான் ஜெயிச்சுட்டேன்! மெல்வினாகிட்ட சொல்லுங்க!"

இந்தச் சானலில் இப்படிப் பேசக்கூடாது என்று அவர் பொறுமையாகச் சொல்லி முடிப்பதற்குள் இன்னொரு குரல். வெளிக்கடலில், கண்ணுக்கே தெரியாத தூரத்தில் போன ஒரு தாதுக் கப்பல். எந்த நாட்டுக்காரனோ. "சின்னப் படகே, வாழ்த்துக்கள்! என்ன பரிசு?" என்று கேட்டானாம். பக்கத்துப் படகில் இருந்த வில்ஃப் சிரித்துச் சிரித்துத் தூண்டிலைக் கடலில் விட்டுவிட்டான்.

மெஷின் போச்சு; குன்றில் ட்ருசில்லாவுக்குக் கேட்டிருக்கும், அவள் டெலிபோன் பக்கம் போகவில்லை. கரைக்கு வந்ததும் லீண்டர் நேராக மெல்வினாவிடம் போனான். "அந்தக் கோடியில இருக்கற கப்பல்காரனுக்குக் கேக்குது, இந்தா இருக்கற உனக்குக் கேக்கலியா? அப்ப கோளாறு யார்கிட்ட?"

"அப்படின்னா போய் அந்தக் கப்பல்காரனையே கட்டிக்க" என்றாள் மெல்வினா. வேலிக்கு இந்தப் பக்கம் நான் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தேன். கைதட்டலாமா என்று தோன்றியது.

வில்ஃப் அவனை உட்கார வைத்து எடுத்துச் சொன்னான். "இதுக்குக் காது கிடையாது லீண்டர், கண்ணுன்னு நெனச்சுக்க. எது எதைப் பாக்குதோ அதோடதான் பேசும். கப்பலோட கம்பம் நம்ம சர்ச்சுக் கோபுரம் மாதிரி ரெண்டு மடங்கு. நடுவுல வெறும் தண்ணி. அவன் உன்னைப் பாக்கறான். மெல்வினாவுக்கும் உனக்கும் நடுவுல மலை."

"எசாவ் மாமா குரல் வருதே! வரத் தெரிஞ்சதுக்குப் போகத் தெரியாதா?"

"அவர் குரல் மலை உச்சியில இருந்து வருது. உன்னோடது உன் மூக்கு உயரத்துல இருந்து போகுது. நீ எவ்வளவு கத்தினாலும் மூக்கு உயரம் மூக்கு உயரம்தான்."

இத்தனையும் கேட்டுவிட்டு லீண்டர், "இன்னும் கொஞ்சம் கத்தியிருக்கலாம்" என்றான்.

அந்த வருஷம்தான் மூஸ் மான் சுடுவதற்கான அரசாங்கக் குலுக்கலில் அவன் பெயர் வந்தது. எத்தனை வருஷமாக எழுதிப்போட்டுக் காத்திருந்தான்! அதே மாதம் மெல்வினாவின் ஃப்ரீசர் செத்துப்போனது. அவர்கள் காட் மீன், அவர்கள் பெர்ரிப் பழம், எல்லாம் பொட்டலம் பொட்டலமாக எங்கள் வீடுகளுக்கு வந்தது. என் ஃப்ரீசரைத் திறந்தால் பட்ஜெல் வீட்டு நண்டு என் கால்மேல் விழும். மூஸ் மான் என்றால் ஒரு குடும்பத்துக்குக் குளிர்காலம் முழுவதும் சாப்பாடு. அதை வைக்க ஊரில் யார் வீட்டிலும் இடமில்லை. புது ஃப்ரீசர் வாங்கலாமென்றால் படகு எஞ்சினைப் பழுது பார்த்ததில் கை காலி. "வைக்க இடமில்லாம சுட்டுக் கொண்டாந்து அழுக விட்டா பாவம். நீ சுடவே போக வேணாம்" என்று மெல்வினா சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

அப்போதுதான் எசாவ் மாமா அறிவித்தார்: அடுத்த புதன்கிழமை முழுக் கார்டு பிங்கோ, பரிசு ஒரு பெரிய பெட்டி ஃப்ரீசர். லீண்டருக்குத் தூக்கம் போயிற்று. எனக்கும்தான், அவன் தூங்காமல் நடந்தால் தரைப்பலகை கத்தும்.

அந்த வாரம் கணவாயும் கூட்டமாக வந்தது. எஞ்சின் கடனை அடைக்க அதை விட முடியாது. மெல்வினா சொன்னாள், "நான் அன்னிக்கு ட்ருசில்லா வீட்டுல உக்காந்துக்கறேன். அங்க நீ முனகினாக்கூடக் கேக்கும்."

"என் பிங்கோ அந்த வீட்டு வழியா வர வேணாம்."

"அப்ப எந்த வழியா வரும்? வானத்து வழியாவா?"

"ஆமா" என்றான். நிஜமாகத்தான் சொன்னான்.

உயரம்தானே வேண்டும்? காய்ந்த தேவதாரு மரம் ஒன்றை வெட்டிச் சீவி, நீளமான கம்பாகப் படகின் நடுவில் நட்டான். உச்சியில் வயர்லெஸ்ஸைக் கட்டினான். நட்டபிறகுதான் ஒரு விஷயம் உறைத்தது: பேச வேண்டுமென்றால் பட்டனை அழுத்த வேண்டும், பட்டன் உச்சியில் இருக்கிறது. யோசித்தான். சிங்கி இறாலின் கொடுக்கைக் கட்டுகிற நீல ரப்பர் வளையம் இருக்கிறதல்லவா, அதில் இரண்டை எடுத்துப் பட்டன்மேல் மாட்டி, அழுத்தினபடியே நிற்க வைத்தான். இனி அழுத்தவே வேண்டாம். எப்போதும் திறந்த வாய். இப்படி ஒன்றை யாரும் செய்ததில்லை என்று அவனுக்கு ஒரே பெருமை. செய்ததில்லைதான். பட்டன் அழுந்தியிருந்தால் அந்தச் சானலில் வேறு யாரும் பேச முடியாது, இவனுக்கும் எதுவும் கேட்காது.

புதன்கிழமை சாயங்காலம் நான் ட்ருசில்லா வீட்டில் இருந்தேன். தனியாக விளையாடப் பிடிக்காத நாளில் அங்கேதான் போவேன். அவள் ரொட்டிக்குக் கரும்புப்பாகைக் கணக்குப் பார்க்காமல் ஊற்றுவாள். மேசைமேல் ரேடியோ, ஜன்னலோரம் வயர்லெஸ். எசாவ் மாமா ஆரம்பித்தார்.

"பி ஒன்பது."

"பி ஒன்பது" என்றது வயர்லெஸ்ஸும்.

"என்னடி, இன்னிக்கு அந்தாள் ரெண்டு ரெண்டு தடவை கூப்பிடறார்?" என்றேன்.

ட்ருசில்லா காதைச் சாய்த்துக் கேட்டாள். "ஒண்ணு மண்டபத்துல இருந்து. இன்னொண்ணு என் தம்பி படகு ரேடியோவுல இருந்து. எதையோ அழுத்தி வச்சுட்டு உக்காந்திருக்கான்."

அப்புறம் நாங்கள் விளையாடியதை விடக் கேட்டதுதான் அதிகம். கணவாய் அவன் முகத்தில் மையைப் பீய்ச்சியது கேட்டது. அதற்கு அவன் சொன்ன வார்த்தைகளை நான் இங்கே சொல்ல மாட்டேன். பக்கத்துப் படகிலிருந்து வில்ஃப், "லீண்டர், பட்டனை விடுடா! எங்க யாராலயும் பேச முடியல!" என்று வாயாலேயே கத்தியது கேட்டது. "பொறாமை" என்று இவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பாட ஆரம்பித்தான். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு. ட்ருசில்லா முகத்தைச் சுளித்தாள். "இன்னும் அதே கத்தல்."

பாதியில் நிறுத்திவிட்டான். கணவாயிடமோ யாரிடமோ சொன்னான்:

"கத்தத்தான் செஞ்சேன். யார் இல்லைன்னா? பின்வரிசையில அம்மா இருந்தாங்க. அந்த வருஷம் அவங்களுக்குக் காது போயிடுச்சு, யாருக்கும் சொல்லாதேன்னுட்டாங்க. என் சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் அவங்க பாட்டைப் பின்தொடர்ந்தாங்க. இதை அக்கா கேட்டாளா? திரும்பிப் பாத்துச் சிரிக்க மட்டும் தெரிஞ்சுது."

ட்ருசில்லா மை பேனாவைக் கீழே வைத்தாள். எசாவ் மாமா ஒரு எண் கூப்பிட்டார், அவள் குத்தவில்லை. நான்தான் அவள் கார்டிலும் சேர்த்துக் குத்தினேன். குத்தும்போது பார்க்கிறேன், அவள் கார்டில் ஒரே ஒரு கட்டம்தான் பாக்கி: ஓ அறுபத்தொன்பது.

"ட்ருசில்லா, உனக்கு ஒண்ணுதான் பாக்கி!"

"ஜி ஐம்பத்திரண்டு" என்றார் எசாவ் மாமா.

வயர்லெஸ் அலறியது. "பிங்கோ! மெல்வினா! பிங்கோ!" கார்டின் எண்ணை மூன்று தடவை படித்தான். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, இதில் பொய் இல்லை. கீழே குடாவில் மெல்வினா உஸ்ஸென்ற இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அவள் டெலிபோனில் கைவைத்தபடி இருப்பாள், அது எனக்குத் தெரியும்.

ட்ருசில்லா தன் கார்டைப் பார்த்தாள். டெலிபோனைப் பார்த்தாள். எசாவ் மாமா கூடையிலிருந்து அடுத்த எண்ணை எடுக்குமுன் ஒரு வாய் டீ குடிப்பார். அந்தச் சத்தம் ரேடியோவில் கேட்டது.

"பேசு, இல்லாட்டி பேசாத. இப்படி நிக்காத" என்றேன்.

அவள் மண்டபத்து டெலிபோன் எண்ணைச் சுழற்றினாள். டெலிபோன் வந்தால் எசாவ் மாமா அதை ரேடியோவிலேயே போட்டுவிடுவார், ஊரே கேட்கும்.

"கூடையில இருந்து கையை எடு, எசாவ். பிங்கோ."

"ட்ருசில்லாவா? வாழ்த்துக்கள்!"

"எனக்கில்ல. லீண்டருக்கு."

ஊர் முழுக்க அப்போது இதைக் கேட்கக் கெட்டிலை இறக்கி வைத்திருக்கும். வயர்லெஸ்ஸில் லீண்டரின் குரல்: "அவளா? அவகிட்ட யார் சொன்னது?"

கவனியுங்கள். எசாவ் மாமா பேசுவது ரேடியோ வழியாக லீண்டருக்குப் போகிறது. லீண்டர் பேசுவது வயர்லெஸ் வழியாக எங்களுக்கு வருகிறது. ட்ருசில்லா பேசுவது டெலிபோன் வழியாக எசாவ் மாமாவுக்குப் போய், அங்கிருந்து ரேடியோவில் திரும்ப லீண்டருக்கே போகிறது. வட்டம் பூர்த்தி. அந்தக் கம்பு இல்லாவிட்டாலும் இது நடந்திருக்கும். குன்றுக்கு அவன் மூக்கு உயரமே போதும்.

கார்டு எண்ணைச் சொன்னாள், எசாவ் மாமா சரிபார்த்தார். "கார்டு சரி. ஆனா கணக்குக்கு லீண்டர்தான் பதில் சொல்லணும்."

"கேளு. அவன் ரேடியோவுல கேட்டுக்கிட்டிருக்கான். எனக்கும் அவன் பேசறது கேக்குது."

"ஏழெட்டு எவ்வளவோ, அதுல ஆறு போனா என்ன மிச்சம்?"

"ஏழெட்டு… ஏழெட்டு…" என்று அவன் முணுமுணுப்பது கேட்டது. லீண்டருக்கு மீன் எடை மனக்கணக்கில் வரும், வாய்ப்பாடு வராது. பள்ளிக்கூடத்திலேயே வராது, நான் கூடப் படித்தவள். நானாவது வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

"நாற்பத்தெட்டு!" என்று கத்தினான். "அந்தம்மாகிட்ட சொல்லுங்க, நாற்பத்தெட்டு!"

ட்ருசில்லா கண் இமைக்கவில்லை. "ஐம்பதுன்னு சொல்றான்" என்றாள்.

"சரியான விடை!" என்றார் எசாவ் மாமா.

"நான் அப்படிச் சொல்லலியே!" என்று அலறியது வயர்லெஸ். "நாற்பத்தெட்டுன்னுல்ல சொன்னேன்!"

"இப்ப என்ன சொல்றான், ட்ருசில்லா?"

"ரொம்ப நன்றிங்கறான்."

அதோடு அவன் பாட்டரி தீர்ந்துவிட்டது. ட்ருசில்லா டெலிபோனை வைக்குமுன், தன் கார்டில் பாக்கியிருந்த கட்டத்தைப் பார்த்தபடி, "எசாவ், அடுத்து எடுத்தது என்ன எண்?" என்று கேட்டாள். அவர் சொல்லவில்லை. இன்றைக்கும் சொல்லவில்லை. அவளும் கேட்பதை விடவில்லை.

இருட்டுவதற்குள் லீண்டர் கரை சேர்ந்தான். வீட்டுக்குப் போகவில்லை. ஒரு வாளி கணவாயோடு நேரே குன்றேறி வந்து கதவைத் திறந்தான். முகமெல்லாம் மை. அக்காவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், யாரிடம் பேசுவது என்று தெரியாமல் வாளியைப் பார்த்தான். கடைசியில் அவளிடமே சொன்னான்.

"நான் நாற்பத்தெட்டுன்னுதான் சொன்னேன்."

"கேட்டுது."

"அப்ப அந்த ஃப்ரீசர் எனக்கு வேணாம். பொய் சொல்லி வாங்கினது. எசாவ் மாமாகிட்ட போய்ச் சொல்லப்போறேன்."

நண்டு மறுபடியும் என் கால்மேல்! இந்த மனிதன் போய்ச் சொல்லக்கூடியவன்தான். அந்த வீட்டில் பிறந்த இரண்டுமே அப்படித்தான், தானாக ஒன்றை முடிவு செய்துவிட்டால் மலையை நகர்த்தினாலும் நகராது.

"உக்காரு" என்றாள் ட்ருசில்லா. அவன் உட்காரவில்லை. "ஏழெட்டு எவ்வளவு?"

"எதுக்கு?"

"சொல்லேன்டா."

விரலை மடக்கினான். உதடு அசைந்தது. வெகு நேரம் ஆயிற்று; நான் ஒரு துண்டு ரொட்டி முழுசாகத் தின்றேன்.

"ஐம்பத்தாறு."

"அதுல ஆறு போனா?"

"…ஐம்பது."

"சொல்லிட்டேல்ல? நீ சொல்லப்போறதைத்தான் நான் கொஞ்சம் முன்னாடியே சொன்னேன். இதுல பொய் எங்க வந்துது?"

அவன் இதை எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஓட்டை அகப்படவில்லை. உட்கார்ந்தான். அவள் டின் பால் ஊற்றி டீ கொடுத்தாள். அம்மாவின் காதைப் பற்றி அவள் கேட்டாள். அவன் பதில் சொன்னான். அதை அவர்களோடு விட்டுவிடுகிறேன். நான் வாளியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்க் கணவாயைச் சுத்தம் செய்தேன். அங்கிருந்தும் அவன் பேசியதெல்லாம் கேட்டது, அது வேறு விஷயம்.

மறுநாள் வில்ஃபிடம் எசாவ் மாமா விசாரித்தாராம், கடலில் இருந்தவர்களுக்கு ஏதாவது கேட்டதா என்று. "அலைச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல மாமா" என்றானாம். அன்று கடல் கண்ணாடி மாதிரி கிடந்தது.

ஃப்ரீசர் வண்டியில் வந்து இறங்கியது. ஊர்ப் பெண்கள் ஆளுக்கொரு பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு மெல்வினா வீட்டுக்கு ஊர்வலம் போனோம். லீண்டர் மூஸ் மானைச் சுட்டான். முதல் பொட்டலத்தை அவனே குன்றுக்குக் கொண்டுபோனான். ட்ருசில்லா வாசலிலேயே பிரித்துப் பார்த்துவிட்டு, "கழுத்துக் கறியா கொண்டாந்திருக்க? தொடை எங்கடா?" என்று கேட்டாளாம்.

அவன் சொன்ன பதில் எனக்கு என் வீட்டில் உட்கார்ந்தபடியே கேட்டது.